மேடையில் என் பேஸ் காணாமல் போகிறது: ஐந்து தந்திக் கருவி வாங்கலாமா?

நான்காம்தந்தி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். ஆறு ஆண்டுகளாக பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். அதில் ஐந்து ஆண்டுகள் வீட்டோடு போயின. போன ஆண்டுதான் ஒரு குழுவில் சேர்ந்தேன். டிரம்ஸ், கிட்டார், கீபோர்டு, பாடகர், நான் என்று ஐந்து பேர். இப்போது மாதத்துக்கு ஐந்தாறு மேடைகள், ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம்.

என்னிடம் இருப்பது ஜாஸ் பேஸ் வகையைச் சேர்ந்த நான்கு தந்திக் கருவி. வீட்டில் அதன் ஒலியைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல இருக்கும். மேடையில் டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்த உடனே அது எங்கே போகிறது என்றே தெரியவில்லை. ஒலியைக் கூட்டினால் மேடை முழுக்க உறுமல்தான் கேட்கிறது. நான் வாசிக்கும் சுரம் கேட்பதில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எங்கள் பாடகர் பல பாடல்களை இறக்கிப் பாடுகிறார். டி, ஈ ஃபிளாட் சுருதிகள் அடிக்கடி வருகின்றன. என் கருவியின் மிகத் தாழ்ந்த தந்தி ஈ. அதற்குக் கீழே போக முடியாமல் அடிச்சுரத்தை ஓர் எட்டாவது (ஆக்டேவ்) மேலே தூக்கி வாசிக்கும்போது பாட்டின் அடித்தளமே கழன்றுவிட்டதுபோல் தோன்றுகிறது.

கடையில் ஓர் ஐந்து தந்திக் கருவியை வாசித்துப் பார்த்தேன். உள்ளேயே பிரீஆம்ப் (ஒலியைச் சீரமைக்கும் மின்சுற்று) உள்ள ஆக்டிவ் வகை. எடை 4.8 கிலோ. ஒலி பிரமாதமாக இருந்தது. வாங்கிவிடலாமா?

கறுப்புக்கேபிள் எழுதியது:

வாங்குங்கள், தயங்க வேண்டாம். பத்து ஆண்டுகளாக ஐந்து தந்திதான் வாசிக்கிறேன். பாடகர் கடைசி நேரத்தில் சுருதியை மாற்றினாலும் கவலை இல்லை. இரண்டாவது காரணத்தைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. தாழ்ந்த ஈ சுரத்தைத் திறந்த தந்தியில் வாசிக்காமல், ஈக்கும் கீழே ஐந்தாவதாகச் சேரும் பி தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளில் ஐந்தாவதில்) பிடிக்கலாம். கை ஒரே இடத்தில் நிற்கும். நீளமான நிகழ்ச்சியில் இடது கைக்கு அது எத்தனை ஓய்வு என்பது இரண்டாவது மணி நேரத்தில்தான் புரியும்.

ஒலிமேசை எழுதியது:

நான் வாசிப்பவன் அல்லன். மேடைக்கு எதிரே மிக்ஸர் முன்னால் நிற்பவன். நான்காம்தந்தி, கருவியை மாற்றும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பிக்கப்புகள் இரண்டையும் முழுதாகத் திறந்து வைத்து வாசிக்கிறீர்களா? ஆம்ப்ளிஃபயரில் நடு அலைவரிசைகளைக் குறைத்து வைத்திருக்கிறீர்களா? கீபோர்டு வாசிப்பவரின் இடது கை என்ன செய்கிறது?

நான்காம்தந்தி எழுதியது:

இரண்டு பிக்கப்புகளும் முழுதாகத் திறந்தே இருக்கும். பேஸ் கொஞ்சம் கூட்டி, நடுவைக் குறைத்து, உச்சத்தைக் கூட்டி வைத்திருக்கிறேன். வீட்டில் அப்படித்தான் நன்றாக ஒலித்தது. கீபோர்டுக்காரர் தனியாக வாசித்துப் பழகியவர். இடது கையில் அடிச்சுரங்களை வாசிக்கிறார்.

ஒலிமேசை எழுதியது:

நினைத்தது சரியாகப் போயிற்று. உங்கள் கருவியில் பழுது எதுவும் இல்லை.

ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்புகளும் சம அளவில் திறந்திருக்கும்போது அவை தந்தியின் இரு வேறு இடங்களில் அதிர்வை எடுக்கின்றன. அந்த இரண்டும் சேரும்போது நடுப்பகுதியின் சில அலைவரிசைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். கருவி தானாகவே நடுவில் கொஞ்சம் குழிந்து ஒலிக்கும். அதற்கு மேல் நீங்கள் ஆம்ப்ளிஃபயரிலும் நடுவைக் குறைத்திருக்கிறீர்கள். தனியறையில் இந்தக் குழிந்த ஒலி பட்டுப்போல் இருக்கும். மேடையிலோ அடிப்பகுதியில் கிக் டிரம்மும் மேல் பகுதியில் சிம்பலும் கிட்டாரும் முன்பே இடம் பிடித்து உட்கார்ந்திருக்கின்றன. உங்களுக்கென்று மிச்சம் இருக்கும் இடம் நடுப்பகுதி. அதைத்தான் கையாலேயே துடைத்து எடுத்துவிட்டீர்கள்.

திறந்த ஈ தந்தியின் அடிப்படை அலைவரிசை ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். கூட்டத்தில் நிற்பவர் “இது இந்தச் சுரம்” என்று அடையாளம் காண்பது பெரும்பாலும் அதன் மடங்குகளான 82, 123, 164 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் எழும் அதிர்வுகளை வைத்துத்தான். அடிப்படை மட்டும் கூடினால் உறுமல் கூடும். நீங்கள் சொன்ன அதே உறுமல்.

அடுத்த ஒத்திகையில் எல்லாக் குமிழ்களையும் நடுவில் வையுங்கள். பின் பிக்கப்பைக் கால் பங்கு குறையுங்கள். 250 முதல் 500 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைக் கொஞ்சம் கூட்டுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கடைத்த குரல்போல் தோன்றும். பயப்படாமல் குழுவோடு சேர்த்துக் கேளுங்கள். கீபோர்டு நண்பரிடமும் பேசுங்கள். இரண்டு பேர் ஒரே எட்டாவதில் அடிச்சுரம் வாசித்தால் எந்த ஒலியமைப்பாளராலும் அவர்களைப் பிரித்துக் காட்ட முடியாது.

ஒன்று சொல்ல மறந்தேன். ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் இரண்டில் ஒன்றைக் குறைத்தால் விளக்குகளிலிருந்து வரும் இரைச்சல் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். சிறிய அளவில் குறைத்தால் தாங்கிக்கொள்ளலாம்.

பழையநரம்பு எழுதியது:

ஒலிமேசை ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். முப்பது ஆண்டுகளாக மேடையில் நிற்பவன் என்ற முறையில் என் பங்குக்குக் கொஞ்சம்.

தம்பி, இந்தக் கருவி எதற்காகப் பிறந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸை வெளியிட்டபோது பேஸ் வாசிப்பவர்கள் ஆள் உயரத்துக்கும் மேலான டபுள் பேஸைச் சுமந்து திரிந்தார்கள். குழுவின் மற்றக் கருவிகள் முழங்கும்போது அது கேட்பதும் இல்லை. சுமக்கக்கூடியதாகவும், கேட்கக்கூடியதாகவும், ஃப்ரெட் இருப்பதால் சுரம் பிசகாததாகவும் ஒன்று வேண்டியிருந்தது. “பிரிசிஷன்”, அதாவது துல்லியம், என்ற பெயர் அந்த ஃப்ரெட்டுகளால் வந்தது. ஊர் ஊராகப் போய் மேடையில் வாசிப்பவனின் தேவையிலிருந்து பிறந்த கருவி இது.

1957இல் அதே கருவிக்கு இரண்டாகப் பிளந்த பிக்கப்பைப் பொருத்தினார்கள். இரண்டு தந்திகளுக்கு ஒரு பாதி, மற்ற இரண்டுக்கு இன்னொரு பாதி. இரண்டும் சேர்ந்து இரைச்சலை ரத்து செய்துவிடும். ஒரே ஒலிக்குமிழ், ஒரே நிறக்குமிழ். கடையில் தனியாக வாசித்தால் “இவ்வளவுதானா?” என்று தோன்றும். குழுவுக்கு நடுவில் வைத்தால் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். மோட்டவுன் இசை நிறுவனத்தின் பதிவுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் பெரும்பாலும் 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷன் ஒன்றைத்தான் வாசித்தார். தட்டைச் சுற்றுத் தந்திகள், வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றே. தந்தி அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். அந்தப் பதிவுகளில் பேஸ் எங்கேயாவது காணாமல் போகிறதா?

எனவே என் யோசனை: நான்கு தந்தியிலேயே இருங்கள். பிரிசிஷன் வகை ஒன்றை யாரிடமாவது ஒரு மேடைக்கு இரவல் வாங்கி வாசித்துப் பாருங்கள். டி சுருதிக்கு ஈ தந்தியின் முறுக்காணியில் பொருத்தும் இறக்கு நெம்புகோல் கிடைக்கிறது. ஒரு தட்டு தட்டினால் ஈ, டி ஆகிவிடும்.

கறுப்புக்கேபிள் எழுதியது:

//நான்கு தந்தியிலேயே இருங்கள்//

பழையநரம்பு அண்ணன்மேல் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இதில் ஒப்ப முடியவில்லை. நெம்புகோலால் இறக்கிய உடனே அந்தத் தந்தியில் எல்லாச் சுரங்களும் இரண்டு ஃப்ரெட் தள்ளிப் போகின்றன. ஒரு பாட்டுக்கு அது சரி. எட்டுப் பாட்டுக்கு, அதுவும் வேகமாக அடுத்தடுத்து வரும்போது, மூளைக்குத் தேவையில்லாத வேலை. ஈ ஃபிளாட்டுக்கு என்ன செய்வது? பி தந்தி இருந்தால் அது நான்காம் ஃப்ரெட், அவ்வளவுதான்.

ஜேமர்சனைப் பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் அவர் வாசித்தது அவருடைய குழுவின் சுருதியில். நம் நண்பர் வாசிப்பது அவருடைய பாடகரின் சுருதியில்.

பழையநரம்பு எழுதியது:

நியாயமான பேச்சு. எத்தனை பாடல்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். தம்பி, பட்டியலை எடுத்து எண்ணிச் சொல்லுங்கள். இரண்டு பாட்டு என்றால் நெம்புகோல். அதற்கு மேல் போனால் ஐந்து தந்தி என்று நானும் ஒப்புக்கொள்கிறேன்.

குறுங்கழுத்து எழுதியது:

இத்தனை பதிவுகளில் 4.8 கிலோ என்ற எண்ணை ஒருவரும் தொடவில்லையே! எனக்கு இந்தத் தலைப்பில் மிக முக்கியமான வரி அதுதான்.

அழகான, கனமான கருவியை மூன்று ஆண்டுகள் இடது தோளில் தொங்கவிட்டேன். முதலில் நிகழ்ச்சி முடிந்த மறுநாள் வலித்தது. பிறகு நிகழ்ச்சியின் நடுவிலேயே வலித்தது. கடைசியில் இடது கைச் சுண்டுவிரல் மரத்துப்போக ஆரம்பித்தது. நான்கு மாதம் வாசிக்காமல் இருந்தேன். அந்த நான்கு மாதங்களை இப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது. குழுவில் என் இடத்தில் வேறொருவர் வாசித்தார்.

இப்போது 30 அங்குல நீளத் தந்தி கொண்ட குட்டைக் கருவி வாசிக்கிறேன். வழக்கமான அளவு 34 அங்குலம். எடை மூன்று கிலோவுக்குச் சற்று மேல். “குட்டைக் கருவி பிள்ளைகளுக்கு” என்று சொல்பவர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறேன். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி வாசிக்கும் வயலின் வடிவ ஹோஃப்னரும் குட்டைக் கருவிதான்.

கடையில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் வாசித்து எடையைத் தீர்மானிக்காதீர்கள். வாரை மாட்டி நின்றுகொண்டு அரை மணி நேரம் வாசியுங்கள். இரண்டு கைகளையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். கழுத்துப் பக்கம் தரையை நோக்கிச் சாய்கிறதா? சாய்ந்தால் ஒவ்வொரு நொடியும் அதை இடது கையால் தாங்கிக்கொண்டேதான் சுரம் பிடிக்க வேண்டும். எடை குறைந்த கருவியிலும் இந்தச் சாய்வு இருக்கலாம். எடையைவிட மோசமான எதிரி அது. ஐந்தாவது முறுக்காணி தலைப்பகுதியில் ஏறுவதால் ஐந்து தந்திக் கருவிகளில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

வார் நான்கு விரற்கடையாவது அகலமாக இருக்கட்டும். உள்பக்கம் சொரசொரப்பான தோலாக இருந்தால் தோளில் வழுக்காது.

நான்காம்தந்தி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று ஒத்திகை. ஒலிமேசை ஐயா சொன்னபடி குமிழ்களை நடுவுக்குக் கொண்டுவந்து பின் பிக்கப்பைக் குறைத்தேன். முதல் பாட்டு முடிந்ததும் டிரம்ஸ் நண்பர் “புதுக் கருவியா?” என்று கேட்டார். எனக்குப் பேச்சே வரவில்லை. ஓராண்டாக என் சுரங்களை நானே மறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கீபோர்டு நண்பரிடம் பேசியது அவ்வளவு எளிதாக இல்லை. இடது கையை எடுத்தால் கை ஊனமானதுபோல் இருக்கிறது என்றார். ஒரே ஒரு பாட்டில் மட்டும் இடது கையை ஓர் எட்டாவது மேலே வைத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். வாசித்துப் பார்த்துவிட்டு அவரே அடுத்த பாட்டிலும் மேலே வைத்தார்.

பாடல்களையும் எண்ணினேன். 28 பாடல்களில் ஒன்பதில் ஈக்குக் கீழே போக வேண்டியிருக்கிறது.

பழையநரம்பு எழுதியது:

ஒன்பதா? அப்படியானால் என் வாதம் முடிந்தது. ஐந்து தந்தி வாங்குங்கள், தம்பி. ஆனால் அந்த 4.8 கிலோவை அல்ல.

கறுப்புக்கேபிள் எழுதியது:

அண்ணனே ஒப்புக்கொண்ட பிறகு நான் வாங்கும்போது பார்ப்பவற்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய கருவி வாங்கினாலும் இதே சோதனைதான்.

முதலில் ஆம்ப்ளிஃபயரில் மாட்டாமல் வாசிப்பேன். ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக ஏறுவேன். எல்லாச் சுரங்களும் ஒரே அளவு நேரம் நீடிக்கின்றனவா என்று காது கொடுத்துக் கேட்பேன். ஜி தந்தியில் ஐந்தாம் ஃப்ரெட்டிலிருந்து ஏழாம் ஃப்ரெட் வரைக்கும் பல கருவிகளில் ஒரு செத்த இடம் இருக்கும். சுரம் எழுந்த உடனே அமுங்கிவிடும். கழுத்து மரமும் அந்த அலைவரிசையில் அதிர்ந்து தந்தியின் ஆற்றலை உறிஞ்சுவதால் வருவது அது. எந்தக் குமிழைத் திருகினாலும் சரியாகாது.

பிறகு ஒரு தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, எட்டாம் ஃப்ரெட் அருகே தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்ப்பேன். ஒரு தடித்த காகிதம் நுழையும் அளவு இருந்தால் நல்லது. மிக அதிகமாக இருந்தால் கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருகிச் சரிசெய்யலாம். ஆனால் அந்தத் திருகாணி ஏற்கெனவே இறுதிவரை திருகப்பட்டிருந்தால் அந்தக் கருவியை விட்டுவிடுங்கள்.

ஐந்து தந்திக்கென்று தனியாக ஒன்று: பி தந்தியை ஐந்தாம் ஃப்ரெட்டில் வாசித்து, உடனே திறந்த ஈயையும் வாசியுங்கள். இரண்டும் ஒரே சுரம். ஒன்று தெளிவாகவும் மற்றது களிமண்போலவும் இருந்தால் அந்த பி தந்தியை மேடையில் நீங்கள் தொடவே மாட்டீர்கள். 35 அங்குல நீளமுள்ள கருவிகளில் தந்தி இறுக்கமாக இருப்பதால் பி பெரும்பாலும் தெளிவாக வரும். 34லும் நன்றாகச் செய்தவை உண்டு. அளவுகோலை நம்பாமல் காதை நம்புங்கள்.

ஒலிமேசை எழுதியது:

பி தந்தி பற்றி ஒரு சேர்க்கை. அதன் அடிப்படை ஏறத்தாழ 31 ஹெர்ட்ஸ். பல மேடை ஒலிபெருக்கிகள் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் தருவதில்லை. அதனால் பி தந்தியில் வாசிக்கும்போது பேஸ் குமிழைக் கூட்டவே கூடாது. கூட்டினால் ஸ்பீக்கரின் கூம்பு வீணாக முன்னும் பின்னும் அலையும், மின்திறன் செலவாகும், காதுக்கு எதுவும் வராது. 35 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் வெட்டும் வடிகட்டி உங்கள் பிரீஆம்ப்பில் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

ஆக்டிவ் கருவி என்றால் பேட்டரி. கேபிள் செருகி இருக்கும் நேரமெல்லாம் அது தீர்ந்துகொண்டே இருக்கும், நீங்கள் வாசிக்காவிட்டாலும். ஒலிச்சோதனை முடிந்து நிகழ்ச்சி தொடங்கும்வரை கேபிளைக் கழற்றி வையுங்கள். பேட்டரி இல்லாமலும் வாசிக்க உதவும் மாற்றுச் சுவிட்ச் உள்ள கருவியைத் தேடுங்கள். ஒரு நிகழ்ச்சியில் பேஸ் மெல்ல மெல்லக் கரகரத்து, நடுப்பாட்டில் அடங்கிப்போனதைப் பார்த்திருக்கிறேன். அந்த இளைஞர் எவ்வளவு நன்றாக வாசித்துக்கொண்டிருந்தார்! கருவியில் அந்தச் சுவிட்ச் இல்லை.

இரவுஒத்திகை எழுதியது:

நடுவில் ஒரு கேள்வி. ஆம்ப்ளிஃபயர் எத்தனை வாட் வேண்டும்? எங்கள் டிரம்ஸ்காரர் பலமாக அடிப்பவர். என்னிடம் இருப்பது 100 வாட்.

ஒலிமேசை எழுதியது:

பலமாக அடிக்கும் டிரம்ஸுக்கு எதிரே 300 வாட்டிலிருந்து தொடங்கலாம். ஆனால் வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். அதைவிட இன்னொரு ஸ்பீக்கர் பெட்டியைச் சேர்ப்பது நல்ல பலன் தரும். 8 ஓம் பெட்டிகள் இரண்டை இணையாகச் சேர்த்தால் 4 ஓம். உங்கள் ஆம்ப்ளிஃபயர் 4 ஓமைத் தாங்குமா என்று பின்பக்கம் பார்த்துவிட்டுச் சேருங்கள். பெட்டியைத் தரையில் வைத்தால் அது உங்கள் முழங்காலுக்குத்தான் வாசிக்கும். உயர்த்தியோ சாய்த்தோ வையுங்கள். காதருகே வந்தாலே ஒலியைக் குறைத்துக்கொள்வீர்கள்.

பழையநரம்பு எழுதியது:

காது என்றதும் சொல்லத் தோன்றுகிறது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பதைப் பாதுகாப்பான எல்லையாகக் கணக்கிடுகிறார்கள். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். சிம்பல் பக்கத்தில் நிற்கிறோம், அது 100ஐ எளிதாகத் தாண்டும். இசைக்கலைஞர்களுக்கென்றே செய்த காதடைப்பான்களை வாங்குங்கள். எல்லா அலைவரிசைகளையும் ஒரே சீராகக் குறைப்பவை. எனக்கு இடது காதில் பல ஆண்டுகளாக இரைச்சல், அது நிற்கவே இல்லை. டிரம்ஸ் எப்போதும் என் இடப்பக்கம்.

நான்காம்தந்தி எழுதியது:

ஒரு மாதம் கழித்து வருகிறேன். நான்கு கருவிகளைப் பார்த்தேன். முதலாவது அந்த 4.8 கிலோ. வாரை மாட்டி நின்று வாசித்தேன். பதினைந்தாவது நிமிடத்திலேயே குறுங்கழுத்து அவர்களின் பதிவு நினைவுக்கு வந்துவிட்டது. இரண்டாவது மிக அழகானது, ஜி தந்தி ஆறாம் ஃப்ரெட்டில் சுரம் பொத்தென்று விழுந்தது. அந்தச் சோதனையைப் படிக்காமல் போயிருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன். மூன்றாவதில் கழுத்து சாய்ந்தது.

நான்காவதை வாங்கினேன். பழைய கருவி. முன்னால் பிரிசிஷன் வகைப் பிக்கப், பின்னால் ஜாஸ் வகை. 35 அங்குலம், 3.9 கிலோ, பேட்டரி இல்லாத பாசிவ் வகை. முன் பிக்கப்பில் மட்டும் வாசித்தால் பழையநரம்பு அண்ணன் சொன்ன அந்த உட்கார்ந்த ஒலி வருகிறது. இரண்டு மேடைகள் ஆகிவிட்டன. ஒன்பது பாடல்களும் அவற்றுக்கு உரிய தாழ்ந்த சுரத்தில்.

ஒரே குறை: நான் மற்றத் தந்திகளை வாசிக்கும்போது பி தந்தி தானாக அதிர்ந்து அடியில் ஒரு முனகல் ஓடுகிறது. கருவியில் கோளாறா?

கறுப்புக்கேபிள் எழுதியது:

கோளாறு இல்லை, வலது கைக்குப் புதுப் பழக்கம் வேண்டும். கட்டைவிரலைப் பிக்கப்பின்மேல் நிலையாக ஊன்றாதீர்கள். பி தந்தியின்மேல் வையுங்கள். ஏ தந்திக்குப் போகும்போது கட்டைவிரல் ஈமேல் சாய்ந்து அதன் பக்கவாட்டால் பியையும் தொடட்டும். டிக்குப் போனால் இன்னும் ஒரு படி. விரல்கள் முன்னே போகப் போகக் கட்டைவிரல் பின்னாலேயே வந்து தந்திகளை அமைதிப்படுத்திக்கொண்டு வரும். மூன்று வாரம் மெட்ரோனோமை 60இல் வைத்து, ஒரு சுரத்துக்கு ஒரு தட்டு என்று வாசியுங்கள். வேகம் வேண்டாம்.

குறுங்கழுத்து எழுதியது:

3.9 என்று படித்ததும் எனக்கே தோள் லேசானது. வார் என்ன அகலம்?

நான்காம்தந்தி எழுதியது:

நான்கு விரற்கடை, உள்பக்கம் சொரசொரப்புத் தோல். கட்டைவிரல் பயிற்சியை இன்று இரவே தொடங்குகிறேன். சனிக்கிழமை அடுத்த மேடை.